குமிழி ஏன் கீழே விழுந்தது? வகுப்பில் வந்த இரண்டு கேள்விகள்

சுண்ணக்கட்டி:

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வளர்ச்சி பற்றிய பாடம் வரும்போதெல்லாம் நாடு, தனிநபர் வருமானம், சராசரி ஆயுள் என்று ஒரு அட்டவணையைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதுவார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் ஒரு எண்கூட நினைவில் நிற்காது. அதனால் இந்த முறை கேப்மைண்டர் தளத்தின் குமிழிப் படத்தைத் திரையில் ஓட்டினேன். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கிடை அச்சில் வருமானம், செங்குத்து அச்சில் சராசரி ஆயுள். ஒரு குமிழி ஒரு நாடு. குமிழி எவ்வளவு பெரிதோ அந்த நாட்டில் அவ்வளவு மக்கள். பொத்தானை அழுத்தினால் 1800-லிருந்து ஆண்டுகள் ஓடும். குமிழிகள் வலப்பக்கமும் மேல்பக்கமுமாக நகர்ந்துகொண்டே வரும்.

வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. முடிந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், 1994 வந்தப்ப ஒரு குமிழி மட்டும் பொத்துனு கீழ விழுந்துட்டு மறுபடி மேல போச்சே, அது என்ன?" பின்னால் ஓட்டி நிறுத்தினேன். ருவாண்டா. அந்த ஆண்டு நடந்த இனப்படுகொலையைச் சொன்னேன். அவள் விடவில்லை. குமிழி 15-க்கும் கீழே நிற்கிறது. "அப்ப அங்க இருந்தவங்க எல்லாரும் 15 வயசுக்குள்ள செத்துட்டாங்களா மிஸ்?" அது அப்படி இல்லை என்று தெரிகிறது, ஆனால் பிறகு அந்த எண்ணுக்கு என்னதான் பொருள் என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

அதற்குள் ஒரு பையன் கேட்டான்: "1800-ல இத்தனை நாட்டுக்கும் போய் யாரு மிஸ் எண்ணுனாங்க?"

இரண்டுக்கும் அடுத்த வாரம் பதில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒப்புக்குச் சொல்லும் பதில் வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

மடக்கை:

டீச்சர், உங்கள் இரண்டு கேள்விக்கும் என்னைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அதற்கு முன் கிடை அச்சைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், பலர் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்த அச்சில் 500, 1000, 2000, 4000 என்று ஒவ்வொரு கட்டமும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு. நாளுக்கு ஒரு டாலரில் வாழ்பவருக்கு இன்னொரு டாலர் கிடைத்தால் வாழ்க்கையே மாறும். நூறு டாலரில் வாழ்பவருக்கு அது தெரியவே தெரியாது. அதனால்தான் மடக்கை அளவு. இதைச் சாதாரண அளவுக்கு மாற்ற அங்கேயே வசதி உண்டு. மாற்றிக் காட்டுங்கள். ஏழை நாடுகள் எல்லாம் இடது ஓரத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும், அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசமே மறைந்துபோகும். எந்த அளவுகோலில் பார்க்கிறோம் என்பதே பாதிக் கதை என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரியும்.

இந்த இரண்டு அச்சையும் சேர்த்துப் பார்ப்பது கணினி வந்த பிறகு தோன்றிய யோசனை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க மக்கள்தொகையியல் அறிஞர் சாமுவேல் பிரெஸ்டன் 1975-லேயே வருமானத்தையும் ஆயுளையும் வரைந்து பார்த்தார். 1900கள், 1930கள், 1960கள் என்று மூன்று காலத்துக்கு மூன்று வளைகோடுகள். பணம் கூடினால் ஆயுள் கூடுகிறது என்பது யாரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் வளைகோடே காலத்தோடு மேலே எழும்பியிருந்தது. அதாவது அதே வருமானத்தில் இருக்கும் நாடு, முப்பது ஆண்டு கழித்து அதிக ஆயுளோடு இருந்தது. 1930களுக்கும் 1960களுக்கும் இடையே கூடிய ஆயுளில் முக்கால் பங்குக்கு மேல் வருமானத்தால் வந்ததில்லை என்று அவர் கணக்கிட்டார்.

பங்களாதேஷ் குமிழியின் தடத்தைப் போட்டுப் பாருங்கள். 1980களில் அது வலப்பக்கம் அதிகம் நகராமல் மேலே ஏறும். அந்தப் பத்து ஆண்டுகளில் பிராக் என்ற அந்நாட்டுத் தொண்டு அமைப்பின் பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகள். அந்த ஏற்றத்துக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். தடுப்பூசியும் குடும்பநலத் திட்டங்களும் உண்டு. ஆனால் பணம் வருவதற்கு முன்பே ஆயுள் கூட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பிள்ளைகளைக் கையால் வரையச் சொன்னால் ஒன்று கவனியுங்கள். மக்கள்தொகை நான்கு மடங்கு என்றால் வட்டத்தின் ஆரம் இரண்டு மடங்குதான் இருக்க வேண்டும். ஆரத்தையே நான்கு மடங்காக்கினால் குமிழி பதினாறு மடங்கு பெரிதாகித் தெரியும்.

கேள்வித்தாள்:

டீச்சர், அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு கழித்துத்தான் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியது. குடும்ப நலக் கணக்கெடுப்புகளில் கேள்வித்தாளும் கையுமாக வீடு வீடாகப் போய், பிறகு அந்தத் தாள்களைச் சரிபார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவள் நான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் 15. சராசரி ஆயுள் என்ற பெயர்தான் குழப்புகிறது. அந்த ஆண்டு இறந்தவர்களின் வயதைக் கூட்டி வகுத்து வருவது இல்லை அது. ஒரு கற்பனைக் குழந்தையை வைத்துப் போடும் கணக்கு. 1994-ல் பச்சைக் குழந்தைகள் எந்த வேகத்தில் இறந்தார்கள், பத்து வயதில் இருந்தவர்கள் எந்த வேகத்தில், முப்பதில், அறுபதில் எந்த வேகத்தில் என்று எடுத்துக்கொள்வார்கள். இப்போது ஒரு குழந்தை பிறக்கிறது. அதன் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு ஆண்டும் 1994 ஆகவே இருந்தால் அது எத்தனை வயது வரை இருக்கும்? அதுதான் அந்த எண். ஏப்ரல் தொடங்கி ஏறத்தாழ நூறு நாட்கள் நடந்த கொலை, கணக்கில் ஒரு முழு வாழ்நாளுக்கும் நீட்டப்படுகிறது. கொலை நின்றுவிட்டதால் அடுத்த ஆண்டு எண் மேலே போய்விடுகிறது. காய்ச்சல்மானி மாதிரி நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அன்றைய சூட்டைக் காட்டும், அவ்வளவுதான். குமிழி மேலே ஏறியதால் இறந்தவர் யாரும் திரும்பி வரவில்லை, இதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் பார்ப்பது திரையில் ஒரு துள்ளல், அவ்வளவே.

அடுத்து போட்ஸ்வானாவைத் தேர்ந்தெடுத்துத் தடத்தைப் போடுங்கள். 60-ஐ எட்டியிருந்த ஆயுள் 1990களில் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 50 பக்கம் வந்துவிடும். அப்போதெல்லாம் வருமானம் கூடிக்கொண்டே இருந்தது, அதனால் குமிழி வலப்பக்கம் போய்க்கொண்டே கீழே சரியும். எச்ஐவி. 2002-ல் அந்த அரசு எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்வி மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது, பிறகு மெல்ல ஏறும். ருவாண்டாவின் தடம் கத்தி செருகினது போல ஒரு கூரான பள்ளம். போட்ஸ்வானாவுடையது அகலமான கிண்ணம். ருவாண்டாவில் நடந்தது போன்ற வன்முறை ஒரே ஆண்டில் இறக்கும், ஒரே ஆண்டில் நிற்கும். நோய் ஆண்டுக்கணக்கில் இறக்கும், மருந்தும் ஆண்டுக்கணக்கில்தான் ஏற்றும். பெயரை மறைத்துவிட்டுப் பள்ளத்தின் வடிவத்தை மட்டும் காட்டி, என்ன நடந்திருக்கும் என்று பிள்ளைகளை யோசிக்கச் சொல்லலாம். 1959 முதல் 1961 வரையிலான சீனாவைக் கொடுத்துப் பாருங்கள், அது பஞ்சம். இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவம்.

இனி அந்தப் பையனின் கேள்வி. 1800-ல் பெரும்பாலான நாடுகளில் யாரும் எண்ணவில்லை. இதை மறைக்காமல் சொல்லுங்கள். எண்ணிய நாடு என்று ஸ்வீடனைக் காட்டலாம். அங்கே 1749 முதல் ஒவ்வொரு திருச்சபை வட்டத்திலும் பாதிரியார்கள் பிறப்பையும் இறப்பையும் படிவத்தில் நிரப்பி மேலே அனுப்பவேண்டும் என்று அரசே ஏற்பாடு செய்திருந்தது. ஸ்வீடனின் கோட்டைத் தனியே வரைந்து பார்த்தால் அது ரம்பப் பல் மாதிரி இருக்கும். 1773-ல் பஞ்சமும் கொள்ளைநோயும் சேர்ந்து வந்தபோது 20-க்கும் கீழே போகும். பக்கத்திலேயே, அதே காலத்துக்கு வேறு பல நாடுகளின் கோட்டைப் பாருங்கள். நூறு ஆண்டுக்கு மேல் மேசை விளிம்பு போல நேராக, வழவழப்பாக ஓடும். அந்த நாடுகளில் பஞ்சமே வரவில்லை என்றா அர்த்தம்? வந்தது. எழுதிவைக்க ஆள் இல்லை. ஸ்வீடன் மாதிரி கணக்குள்ள நாடுகளையும் கிடைத்த துண்டுத் தகவல்களையும் வைத்துப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஊகித்துப் போட்ட கோடு அது. கோணல்மாணலான கோட்டைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வருகிறது. வழவழப்பான கோட்டைப் பார்த்தால் கவலை வருகிறது. இது இத்தனை ஆண்டு வேலையில் எனக்குப் பழகிப்போன பார்வை.

சரி, இன்று? இன்றும் பிறப்பு இறப்பு முழுமையாகப் பதிவாகாத நாடுகள் நிறைய. அங்கே ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் கணக்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? என்னைப் போன்ற ஒருத்தி ஒரு தாயின் எதிரில் உட்கார்ந்து கேட்பதிலிருந்து.

எப்படிக் கேட்போம் என்று சொல்கிறேன். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் பேசுவோம். எத்தனை குழந்தை என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. இறந்ததைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். உங்களோடு இருக்கும் மகன்கள் எத்தனை, மகள்கள் எத்தனை. வேறு இடத்தில் இருக்கும் மகன்கள், மகள்கள். அதன் பிறகு, பிறந்து உயிரோடு இருந்து பின்னால் தவறிய குழந்தை உண்டா. இல்லை என்றால் அங்கே நிறுத்தி இன்னொன்று கேட்டே ஆக வேண்டும்: பிறந்ததும் அழுதது, அல்லது மூச்சு விட்டது, ஆனால் கொஞ்ச நேரம்தான் இருந்தது, அப்படி யாராவது?

ஒரு பெண்ணை மறக்க முடியவில்லை. துணி மடித்துக்கொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மகன் இரண்டு, மகள் ஒன்று, தவறியது இல்லை. எல்லாம் வேக வேகமாக. கடைசிக் கேள்வியைக் கேட்டதும் கை நின்றுவிட்டது. பாதி மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, "அழுதுச்சு. விடியறதுக்குள்ள போயிருச்சு. அதையும் எழுதுவீங்களா?" என்றாள். எழுதுவோம் அம்மா என்றேன். அடுத்து பெயர். வைக்கவில்லை என்றாள். பெயருக்கான கட்டத்தில் "குழந்தை" என்று எழுதினேன். இறந்தபோது வயது: ஒரு மாதத்துக்குள் என்றால் நாளில் எழுத வேண்டும், இரண்டு வயதுக்குள் என்றால் மாதத்தில், அதற்கு மேல் ஆண்டில். பூஜ்யம் நாள் என்று போட்டேன். அதுவரை அந்தக் குழந்தை எந்தத் தாளிலும் இருந்ததில்லை.

இப்படி வயதை மாதக் கணக்கில் கேட்பது என்பது சின்ன விஷயம் இல்லை. "ஒரு வயசு இருக்கும்" என்று சொல்லிவிடுவார்கள். அப்படியே 12 மாதம் என்று எழுதிக்கொண்டு வந்தால், சரிபார்க்கும் மேசையில் 12-ல் மட்டும் ஒரு கோபுரம் எழும்பி நிற்கும், 11-லும் 13-லும் பள்ளம். பதினோரு மாதத்தில் இறந்திருந்தால் அது சிசு மரணம், அதாவது ஒரு வயது நிறையும் முன் நேர்ந்த இறப்பு. பன்னிரண்டு என்று எழுதினால் அந்தக் கணக்கில் வராது. நடக்க ஆரம்பித்திருந்ததா, எந்தப் பண்டிகைக்கு முன்னால், என்று மெதுவாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதற்காக அவர்கள் ஆறிய புண்ணைக் கிளறுகிறோம். அதனால் அந்த எண்ணைப் படத்தில் பார்ப்பவர்கள் மரியாதையோடு பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. தாயும் இறந்துவிட்டால் கேட்க ஆளில்லை. எச்ஐவி பரவிய நாடுகளில் தாயும் சேயும் சேர்ந்தே போனார்கள், அதனால் நேரடிக் கணக்கு உண்மையைவிடக் குறைவாக வரும். அதை ஈடுகட்டத் தனியே திருத்தம் போடுகிறார்கள். யூனிசெஃப் தலைமையிலான ஐநா குழு குழந்தை இறப்புக்கென்றே ஒரு தளம் வைத்திருக்கிறது. அதில் ஒரு நாட்டைத் திறந்தால் ஒவ்வொரு கணக்கெடுப்பும் தனித்தனிக் கோடாக, ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் சிதறிக் கிடக்கும். நடுவில் ஒரு தடித்த கோடு, அதுதான் அவர்களுடைய மதிப்பீடு. அதைச் சுற்றி மங்கலான பட்டை, அந்த மதிப்பீடு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதைக் காட்டுவது. குமிழிப் படத்தைக் காட்டிய கையோடு இதையும் காட்டுங்கள். அழகான குமிழிக்கு அடியில் இருப்பது இந்தச் சிதறல்தான்.

நடுக்கோடு:

கேள்வித்தாள் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் ஒரு தயக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

இந்த மாதிரி நகரும் படங்களைப் பார்த்தால் உலகம் தானாகவே சரியாகிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எல்லாக் குமிழியும் ஏறுகிறது, அப்புறம் என்ன? 1990-ல் ஆயிரம் பிறப்புக்கு 93 குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள், 2022-ல் அது 37. பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அதே 2022-ல் இறந்த குழந்தைகள் 49 லட்சம். நாளுக்குச் சுமார் 13,400. இறங்கும் கோட்டில் இந்த 13,400 கண்ணுக்குப் படவே படாது.

இன்னொன்று, ஒரு நாட்டுக்கு ஒரு குமிழி என்பதே ஒரு மறைப்பு. இந்தப் படத்தை உலகறியச் செய்த ஹான்ஸ் ரோஸ்லிங்குக்கே இது தெரிந்திருந்தது. 2006 டெட் உரையில் அவர் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, நைஜர் குமிழிகளை வருமானப்படி ஐந்தைந்தாக உடைத்துக் காட்டினார். நைஜரின் அடித்தட்டு 20 சதவீதம் ஒரு மூலையிலும் தென்னாப்பிரிக்காவின் மேல்தட்டு 20 சதவீதம் இன்னொரு மூலையிலும் போய் நின்றன. இரண்டையும் ஒரே "ஆப்பிரிக்கா" என்று பேசி ஒரே மருந்தை எழுதித் தருகிறோமே என்பதுதான் அவர் சொன்னது. டீச்சர், ஒரு குமிழியையாவது உடைத்துக் காட்டாமல் பாடத்தை முடிக்காதீர்கள். டாலர் ஸ்ட்ரீட் என்று அவர் மருமகள் அன்னா ரோஸ்லிங் ரோன்லுண்ட் உருவாக்கிய தளமும் இருக்கிறது. வருமான வரிசைப்படி வீடுகளின் புகைப்படங்கள். ஒரே நாட்டில் இருவேறு வருமானத்தில் உள்ள குடும்பங்களின் அடுப்பையும் பல்துலக்கும் தூரிகையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

கேள்வித்தாள்:

நடுக்கோடு சொல்வது எனக்கு முழுக்கச் சம்மதம். தானாக எதுவும் ஏறவில்லை. ஏறியதும் இல்லை.

எண்ணுவதும் தானாக நடப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன தாய்மார் கேள்வித்தாளை 1984 முதல் 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் எடுத்துச் சென்றது டிஎச்எஸ் என்ற மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டம். அமெரிக்க அரசின் பணத்தில் நடந்தது. 2025-ல் அந்தப் பணம் நிறுத்தப்பட்டது. செய்தியைப் படித்த அன்று எனக்கு 1800-ன் வழவழப்பான கோடுகள்தான் கண்முன் வந்தன. சில நாடுகளின் கோடு இனி வரும் ஆண்டுகளில் மறுபடி அப்படி ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது.

சுண்ணக்கட்டி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று பாடம் நடந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காய்ச்சல்மானி உதாரணம் உடனே பிடிபட்டது. கேள்வி கேட்ட பெண், "அப்ப அது அந்த வருஷத்தோட வயசு மிஸ், ஆளுங்களோட வயசு இல்ல" என்றாள். நான் சொன்னதைவிட நன்றாக இருந்தது, பலகையில் அதையே எழுதிவிட்டேன்.

பிறகு ஐந்து நாடுகளின் கோட்டைப் பெயரில்லாமல் வரைபடத் தாளில் கொடுத்தேன். போட்ஸ்வானாவை மூன்று குழுக்கள் "ஏதோ நோய்" என்று சரியாகச் சொன்னார்கள். ஒரு குழு, வருமானம் ஏறும்போது ஆயுள் எப்படி இறங்கும், அச்சுப் பிழை மிஸ் என்று சாதித்தது. அவர்களோடு பேசவே கால்மணி நேரம் போனது. ஸ்வீடனையும் இன்னொரு நாட்டின் வழவழப்பான கோட்டையும் அடுத்தடுத்து வைத்தபோது, 1800-ஐப் பற்றிக் கேட்ட பையன் விரலை அந்த நேர்கோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இங்க செத்தவங்களை யாருமே எழுதல" என்றான். யாரும் எதுவும் பேசவில்லை.

அக்கா, துணி மடித்த அந்தத் தாயைப் பற்றி உங்கள் அனுமதி கேட்காமலே சொன்னேன். பொறுத்துக்கொள்ளுங்கள். உடைத்த குமிழி அடுத்த வகுப்புக்கு.

இப்போது புதுக் கேள்வி. 1918-ல் ஏராளமான குமிழிகள் ஒன்றாகக் கீழே குனிகின்றன. அது அந்த ஆண்டு உலகெங்கும் பரவிய ஃப்ளூ காய்ச்சலா, முதல் உலகப் போரா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. எந்த நாட்டை எடுத்துக் கொடுத்தால் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்?

கேள்வித்தாள்:

அனுமதி எதற்கு, சொன்னது நல்லது.

1918-க்கும் ஸ்வீடனையே கொடுங்கள், பக்கத்தில் பிரான்சை வையுங்கள். பிரான்சின் கோடு 1914-லேயே சரிந்து, நான்கு ஆண்டுகள் கீழேயே கிடந்து, 1918-க்குப் பிறகுதான் எழும். ஸ்வீடனின் கோட்டில் 1914, 15, 16, 17 எல்லாம் சாதாரணமாகப் போய், 1918-ல் மட்டும் சட்டென்று ஒரு பள்ளம் விழும். ஸ்வீடன் அந்தப் போரில் கலந்துகொள்ளவில்லை. இந்தத் தகவலை மட்டும் கடைசி வரை சொல்லாமல் வைத்திருங்கள்.